திறக்காத கோப்புகள்: எழுத்துரு, அதிகாரம், சாட்சியம்

1

ஆவணம் அழிவது என்றால் சிற்றிதழ்க்காரர்களான நமக்கு மூன்று விதம்தான் தெரியும். எரிப்பது, செல்லரிப்பது, பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போடுவது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த அழிவுக்கு ஒரு தேதி இருக்கிறது. எரித்தது யார் என்று கேட்க முடிகிறது. கேள்வியை அரசியலாக்க முடிகிறது. இந்தக் கட்டுரை பேச வருவது நான்காவது விதத்தை. இதில் ஆவணம் அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் வாசிக்க முடியாது. யாரும் எரிக்கவில்லை. இனி இந்த மென்பொருளைப் பராமரிப்பதில்லை என்று எங்கோ ஒரு நிறுவனம் முடிவு எடுத்ததோடு காரியம் முடிந்துபோயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தெற்கத்திச் சீமையில் ஒரு பழைய இதழாசிரியர் என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். டப்பாவுக்குள் இருபத்திரண்டு பிளாப்பிகள். 1990களின் நடுவில் அவர் நடத்திய இதழின் பக்கங்களும், தோழர்கள் சிலர் சேர்ந்து கிராமம் கிராமமாகப் போய்த் திரட்டிய கூலிப் பெண்களின் வாக்குமூலங்களும் அதில் இருந்தன. கூலி உயர்வு கேட்டதற்காக அடிவாங்கிய பெண்கள் அவர்கள். வாக்குமூலங்கள் பதினாறு பக்கச் சிறுவெளியீடாக அப்போதே வந்தன. ஆனால் அச்சிட்டது பாதிதான். "காகிதத்துக்குக் காசு இல்ல தம்பி, சுருக்கிட்டோம். முழுசும் இதுக்குள்ள இருக்கு" என்றார். கையெழுத்துப் பிரதி எங்கே என்று கேட்டேன். "டைப் அடிச்சாச்சுல்லா, இனி எதுக்குன்னு போட்டுட்டோம்" என்றார்.

அச்சுக்குப் போய்விட்டால் கையெழுத்துப் பிரதி குப்பை. நம் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கைதான் அது. கணினியை நாம் காகிதத்தைவிடக் கெட்டியான காகிதமாக நினைத்துவிட்டோம்.

2

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். 1985இல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை வெளியிட்டது. அந்தப் பெயர் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்தில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸைக் குறிப்பது. ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறி, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, பேஜ்மேக்கர் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் டிடிபி. தமிழ்நாட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது கம்போஸிட்டர்களின் கை வேலை போயிற்று. கூடவே, ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் ஆபரேட்டர் இருந்தால் போதும் என்ற நிலைமையும் வந்தது. 1990களில் இத்தனை சிற்றிதழ்கள் கிளம்பியதற்குக் கோட்பாடுகள் மட்டும் காரணம் இல்லை. தெருமுனை டிடிபி கடையும் காரணம். உள்ளதைச் சொல்வதென்றால், அந்தக் கடைகளில் ஓடிய பேஜ்மேக்கர் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியதும் இல்லை.

1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999இல் அதே அடோபி இன்டிசைனைக் கொண்டுவந்தது. 2001இல் வந்த 7.0தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு. 2012இல் வந்த சிஎஸ்6 வரைக்கும் இன்டிசைன் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து காட்டியது. சந்தா கட்டி வாங்கும் பிந்தைய பதிப்புகள் திறப்பதில்லை. 2023 ஜனவரியில் டைப் 1 என்ற பழைய எழுத்துரு வடிவத்துக்கான ஆதரவையும் அடோபி நிறுத்தியது. சந்தையின் மொழியில் இதற்குப் பெயர் முன்னேற்றம். ஒரு பொருளின் ஆயுளை விற்பவன் தீர்மானிக்கிறான். அந்தப் பொருளுக்குள் நாம் எழுதி வைத்ததன் ஆயுளையும் சேர்த்தே தீர்மானிக்கிறான்.

ஆனால் தமிழில் கோப்பைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே இன்னொரு பூட்டு இருக்கிறது.

கணினிக்கு எழுத்து என்பது எண். 1963இல் உருவான ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள். அவை ஆங்கிலத்துக்கே சரியாகப் போயின. ஒரு பைட்டின் எட்டுத் துணுக்குகளையும் பயன்படுத்தினால் 256 இடம் கிடைக்கும். அப்படியும் தமிழின் 247 எழுத்துகளை அப்படியே வைக்க இடம் போதவில்லை. எனவே ஆளாளுக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ரோமன் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். ஈழத்தவர் மத்தியிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது என்ன தெரியுமா? ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கிற கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் உளறல். அதாவது நாம் தமிழில் எழுதவே இல்லை. ஆங்கில எழுத்துகளை அடித்து, அவற்றின் மேல் தமிழ் வேஷத்தைப் போர்த்தினோம். வேஷம் கலைந்தபோது உள்ளே தமிழ் இல்லை.

இந்த வேஷமும் ஒன்றாக இருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளை இடம் மாற்றி வைத்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் பார்த்தால் குழப்பம்தான். வாடிக்கையாளர் தப்பிப் போகாமல் இருக்க இது வசதி. 1990களின் கடைசியில் பல தமிழ் நாளிதழ்களின் இணையத் தளத்தைப் படிக்க அந்தந்த எழுத்துருவைத் தனித்தனியே இறக்க வேண்டியிருந்ததை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மொழி ஒன்று, அட்டவணைகள் நூறு. ஒவ்வொரு அட்டவணையும் யாரோ ஒருவரின் சொத்து.

3

'இதெல்லாம் புதுசா? ஓலைச்சுவடியும் இப்படித்தானே இருந்தது?' என்று கேட்கலாம். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஓலையில் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. ஆனாலும் உ.வே.சா. படித்தார். படிக்க முடிந்ததற்குக் காரணம் அந்தக் குறியீட்டின் சாவி ஒரு சமூகத்திடம் இருந்தது என்பதே. அது சாதியாலும் மடத்தாலும் வேலிகட்டப்பட்ட சமூகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எல்லோருக்கும் அந்தச் சாவி கிடைக்கவில்லை. ஆனால் ஓலையை விற்றவன் அதைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கவில்லை. கற்றவர் இன்னொருவருக்குக் கற்பிக்க முடிந்தது.

அச்சுக்கும் இது பொருந்தும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935லேயே குடிஅரசில் நடைமுறைப்படுத்திய வடிவங்கள் பாடநூலுக்குள் வந்தன. அதற்கு முன் அச்சான புத்தகத்தை இன்றைக்கு ஒரு பள்ளிப் பிள்ளையிடம் கொடுங்கள். துதிக்கை போட்ட 'லை'யையும் 'னை'யையும் பார்த்து முதல் பக்கத்தில் தடுமாறும். மூன்றாம் பக்கத்தில் பழகிவிடும். மனித வாசிப்புக்கு அந்த இளக்கம் உண்டு. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் இன்றும் கையில் எடுத்தால் திறக்கிறது. அதற்கு நாற்பது வருஷம் கழித்து அடிக்கப்பட்ட கோப்பு திறப்பதில்லை. பிரதியின் பன்முகத்தன்மை குறித்து 1990களில் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தக் கட்டுரைகளின் கோப்புகளே இன்று எந்த முகமும் காட்டாமல் கிடக்கின்றன.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதியும் இல்லை. இங்கிலாந்தில் 1086இல் நில அளவைக்கும் வரிக்குமாக எழுதப்பட்ட டூம்ஸ்டே பதிவேடு இன்றும் கியூ நகர் ஆவணக் காப்பகத்தில் வாசிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பிபிசி ஒரு நவீன டூம்ஸ்டேயைத் தயாரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்களித்த அந்தத் தொகுப்பை லேசர் வட்டுகளில் போட்டு, ஏகார்ன் கணினியில் படிக்கும்படி வைத்தார்கள். பதினாறே வருஷத்தில் அந்த வட்டைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளை எழுதித்தான் அதை மீட்டார்கள். மன்னனின் வரிக்கணக்கு 900 வருஷம் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதியது 16 வருஷத்தில் தடுமாறியது.

4

ஆவணக் காப்பகம் என்பதைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் வேர் கிரேக்க நீதிபதிகளின் வீட்டைக் குறிப்பது என்று தெரிதா 1994இல் லண்டனில் ஆற்றிய உரையில் நினைவூட்டினார். ஆவணத்தைக் காப்பவனுக்கே அதை விளக்கும் அதிகாரமும் போய்ச்சேரும் என்பது அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. நம் காலத்தில் அந்த வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆவணம் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விளக்கும் அதிகாரம் வேறு எங்கோ ஒரு நிறுவனத்தின் மூலநிரலில் இருக்கிறது. 2007இல் மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2003க்கு ஒரு திருத்தத் தொகுப்பை வெளியிட்டபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி, பழைய வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் கோப்பு வடிவங்கள் சில திறக்காமல் தடுக்கப்பட்டன. எதிர்ப்பு வந்த பிறகு 2008 ஜனவரியில்தான் தடையை நீக்க எளிய வழி தந்தார்கள். நேற்றுவரை திறந்த கோப்பு இன்றைக்குத் திறக்காது என்று ஆக்க ஒரு நிறுவனத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இதை ஓர் அரசியல் பிரச்சினையாகத் தெளிவாகப் பேசியவர் பெரு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா. அரசு அலுவலகங்களில் சுதந்திர மென்பொருளைக் கட்டாயமாக்கும் மசோதாவை எதிர்த்து எழுதிய மைக்ரோசாப்டுக்கு 2002இல் அவர் பதில் எழுதினார். குடிமக்களின் தகவல் நிலைத்திருப்பது விற்பவரின் தயவைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பது அவருடைய அடிப்படை வாதம். இலவசமா, விலைக்கா என்பதை அவர் இரண்டாம்பட்சமாகவே வைத்தார்.

தமிழில் என்ன நடந்தது? 1991இல் இஸ்கி என்ற இந்தியத் தரம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு யூனிகோடின் முதல் பதிப்பும் வந்தது. இஸ்கியின் முன்வடிவத்தைப் பின்பற்றித் தமிழுக்கு அதில் 128 இடம் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு தாம், தாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கியது தகுதரம், அதாவது திஸ்கி. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதுதான் அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, தமிழ் அனைத்தெழுத்து முறையை மாற்றாக வைத்தது. முதல் பதிப்பு வந்ததிலிருந்து கணக்கிட்டால் பத்தொன்பது வருஷம். அத்தனை வருஷமும் எழுதப்பட்டது எல்லாம் எந்த அட்டவணையில் இருக்கிறது?

யூனிகோடு தமிழின் இலக்கணத்தைச் சிதைக்கிறது, மெய்யை அகரமேறிய எழுத்திலிருந்து பிறப்பிக்கிறது என்ற விமர்சனம் உண்டு. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு அது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்த அட்டவணை அச்சிடப்பட்டு எல்லோர் கையிலும் இருக்கிறது. அதன் குறையை நாம் பெயர் சொல்லித் திட்ட முடிகிறது. குறை இல்லாத தனியார் அட்டவணையைவிடக் குறையுள்ள பொது அட்டவணை மேல். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று அது தன் நூல்களை இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வந்திருக்கிறது. அரசுப் பணமும் கம்பெனிப் பணமும் அல்ல, அட்டவணை தெரிந்த தன்னார்வலர்கள் இருந்ததுதான் அதற்குக் காரணம்.

5

பிஸ்கட் டப்பாவுக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவில் யுஎஸ்பியில் செருகும் பிளாப்பி டிரைவ் ஒன்று கிடைத்தது. இருபத்திரண்டில் பதினேழு பிளாப்பிகள் படித்தன. ஐந்து பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறந்தது. அதற்குக் காரணம் 2014இல் தொடங்கிய ஆவண விடுதலைத் திட்டம். மூடிய கோப்பு வடிவங்களை நிறுவனங்களின் உதவி இல்லாமல், பைட் பைட்டாக ஆராய்ந்து உடைப்பது அவர்கள் வேலை. நாம் 'கட்டுடைத்தல்' என்று எழுதிக்கொண்டிருந்ததை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

பக்கம் திறந்தது, எழுத்து உளறியது. எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் பெயர் குறிக்கப்பட்டிருந்த எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. அதே நிறுவனத்தின் பிந்தைய எழுத்துரு ஒன்றின் அட்டவணை கிடைத்தது. உளறலை வெற்று உரையாக எடுத்து, அந்த அட்டவணை கொண்டு ஒரு மாற்றியில் போட்டேன். 'மாற்றம் முடிந்தது' என்றது. தமிழ் வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணாச்சிக்கு உடனே போன் போட்டேன்.

ஒரு பெண்ணின் வாக்குமூலம் அதில் இப்படி இருந்தது: "அவ வண்டியில வந்தா. இறங்கி நேரா எங்கிட்ட வந்தா. கையைப் பிடிச்சு இழுத்து அடிச்சா." நான் அதைப் பண்ணையாரின் மனைவி என்று புரிந்துகொண்டேன். அடித்தட்டுப் பெண்ணின் மீது மேல்சாதிப் பெண் செலுத்தும் வன்முறை என்று அடிக்கோடிட்டுக் குறிப்பும் எழுதினேன். நல்ல குறிப்புதான். பெண்ணியம் சாதியைப் பேச வேண்டியதன் தேவை பற்றி ஒரு பத்திகூட எழுதி முடித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு வரியில் 'சொனா' என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. தட்டச்சுப் பிழை என்று தாண்டினேன். அடுத்த பக்கத்தில் 'என நடந்தது' என்று இருந்தது. 'என்ன நடந்தது' என்றல்லவா இருக்க வேண்டும்? பிறகு தேடினேன். எழுபது பக்கத்தில் ஓர் இடத்தில்கூட 'ன்' இல்லை.

அவன் வந்தான், அடிச்சான். 'ன்' விழுந்தால் அவ வந்தா, அடிச்சா. எழுத்துத் தமிழில் பிழையாகத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டியது, பேச்சுத் தமிழில் இலக்கணம் பிசகாத இன்னொரு வாக்கியமாக உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண் தன் பேச்சில் சொன்னதால்தான் பொய் இவ்வளவு சுத்தமாக அமைந்தது. அடித்த ஆண் கோப்பிலிருந்து காணாமல் போனான். அவன் இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். நான் அவள் மேல் கோட்பாடு கட்டினேன்.

அந்தக் காலத்தில் டைப் அடித்தவர் யார் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். டிடிபி கடையில் வேலை பார்த்த அக்கா ஒருத்தர், இப்போது அறுபதை நெருங்குகிறார். பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். கோரல் டிராவில் தலைப்புப் போடும்போது தமிழ் விசைப்பலகை டிரைவர் வேலை செய்யாதாம். ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு எண்ணை அடித்துத்தான் எழுத்தை வரவழைக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். 'ன்' என்பதற்கு எதிரே 0173.

173ஆம் இடம் கணினிகளின் பொது அட்டவணையில் 'மென் இணைப்புக்குறி'க்கு உரியது. வரி உடையும்போது மட்டும் தெரியும், மற்ற நேரம் மறைந்திருக்கும். பல மென்பொருள்கள் அதைத் தூசி மாதிரித் தட்டிவிடும். திஸ்கியிலும் இதே வில்லங்கம் இருந்தது. அங்கே அந்த இடத்தில் இருந்தது 'இ'. பின்னால் வந்த திருத்தத்தில் 'இ'க்கு இன்னோர் இடமும் ஒதுக்க வேண்டியதாயிற்று. திஸ்கியின் அட்டவணை வெளிப்படையாக இருந்ததால் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். எங்கள் எழுத்துருவின் அட்டவணை ஓர் ஆபரேட்டரின் நோட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு எழுபது பக்கத்தையும் அக்காவோடு உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தேன். 'அவ' வந்த ஓர் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். "இது அவன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. இதை அடிக்கும்போது எனக்கு அழுகை வந்துச்சு" என்றார். வெளியீட்டில் தோழர்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. அவர் பெயர் இல்லை. ஒளி அச்சு என்று கடையின் பெயர் மட்டும் இருந்தது.

6

இதிலிருந்து என்ன பெறுகிறோம்?

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதினோம். பிரதி உருவாவதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை மட்டும் அந்தப் பிணத்தோடு சேர்த்துப் புதைத்துவிட்டோம். தொழில்நுட்பம் ஆபரேட்டர் வேலை, சிந்திப்பது நம் வேலை என்ற பிரிவினை எந்த வருணாசிரமத்தில் இருந்து வந்தது என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் சாட்சியத்தைக் காப்பாற்றியது கோட்பாடு அல்ல, பென்சில் நோட்டு.

இரண்டாவது, மீட்பு என்பதும் ஒரு வாசிப்புதான். திறந்துவிட்டது என்பதாலேயே கோப்பு உண்மையைச் சொல்கிறது என்று ஆகாது. முற்றிலும் உளறும் கோப்பு ஆபத்தில்லாதது, அதை யாரும் நம்பப்போவதில்லை. தொண்ணூற்றொன்பது சதவீதம் சரியாகத் திறக்கும் கோப்புதான் ஆபத்து. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சாட்சியம் எப்படித் திரிகிறது என்று எழுதியிருக்கிறோம். நம் கணினியில் எப்படித் திரிகிறது என்றும் எழுத வேண்டும்.

மூன்றாவது, காரியம். பழைய கோப்பு வைத்திருக்கும் தோழர்கள் இப்போதே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிளாப்பியும் குறுந்தகடும் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, முதலில் நகல் எடுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள், மாற்றியது தப்பென்றால் திரும்பிப் போக இடம் வேண்டும். எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். அதன் எழுத்துகளை எண்ணோடு ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள். மாற்றிய உரையை வெற்று யூனிகோடாகச் சேமியுங்கள். அச்சான ஒரு பக்கமாவது இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறிப்பாக எந்த எழுத்து ஓர் இடத்தில்கூட வரவில்லை என்று பாருங்கள். டைப் அடித்தவரைத் தேடிப் போங்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே.

அந்த வாக்குமூலங்கள் முழுமையாகப் புத்தகமாக வர இருக்கின்றன. நான் எழுதிய அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன். உள்ளபடி சொன்னால் எடுக்க மனசில்லை. அவ்வளவு அழகாக வந்திருந்தது. பதிப்புக் குறிப்பில் அக்காவின் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போடுங்க, ஆனா ஒரு தடவை எனக்கு ப்ரூஃப் காட்டிட்டுப் போடுங்க" என்றார்.